எதைச் சுமப்பது? எதை விடுவது?



ஆவணித் திருவிழாவுக்காக மடுவுக்குப் புறப்படும் குடும்பம் ஒன்றின் வீட்டு முற்றத்தை நினைத்துப் பாருங்கள். கூடாரத் துணி, பாய், அரிசி மூட்டை, சட்டி பானை, விறகு, தண்ணீர்க் கலன், பிள்ளைகளின் உடுப்புப் பைகள் என்று ஒவ்வொன்றாக வாகனத்தில் ஏறுகின்றன. "இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபின், கையில் செபமாலையோடு அம்மம்மா வந்து நிற்கிறார். அவருக்கு இருக்க இடமில்லை! எல்லாருமாகச் சிரித்துக்கொண்டு இரண்டு மூட்டைகளை இறக்கி வைக்கிறோம். அம்மம்மா ஏறுகிறார். பயணம் தொடங்குகிறது.

யாத்திரையில் இது சிரிப்புக்குரிய சிறிய காரியம். ஆனால் வாழ்க்கையில் நெருக்கடி வரும்போது, கடனும் நோயும் கவலையும் ஒன்றாக வந்து மோதும்போது, நாம் இறக்கி வைப்பது மூட்டையையா, அம்மம்மாவையா? இதுவே இவ்வாரப் பாடத்தின் கேள்வி.

மாந்தையிலிருந்து மருதமடுவுக்கு

மடுத் திருத்தலத்தின் வரலாறே இந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக அமைந்திருக்கிறது.

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். அதன்பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் அகற்றப்பட்டார்கள். ஆலயங்கள் பறிபோயின. இந்த நெருக்கடியில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, தங்கள் ஆலயத்தில் வைத்து வணங்கிய அன்னையின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாய் ஒதுங்கின. 1670ஆம் ஆண்டளவில் அவை வன்னிக் காட்டுக்குள் மருதமடுவை வந்தடைந்தன. அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஏறக்குறைய 700 கத்தோலிக்கர் வன்னிக் காடுகளுக்குள் வந்து சேர்ந்தார்கள் என்றும், இரு கூட்டத்தாரும் ஒன்றுகூடி அன்னைக்குக் கோயில் அமைத்தார்கள் என்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அவர்கள் எதை எடுத்து வந்தார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எதை விட்டு வந்தார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? வீட்டை விட்டார்கள். விளைநிலத்தை விட்டார்கள். பெற்றோரை அடக்கஞ்செய்த மண்ணை விட்டார்கள். தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தையே விட்டார்கள். ஆலயக் கட்டடம் சிறிய காரியமா? இல்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆலயத்தை ஆலயமாக்கிய விசுவாசத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியும். அந்த விசுவாசத்தின் அடையாளமாகவே அன்னையின் சொரூபத்தைச் சுமந்து வந்தார்கள். குருவானவர் ஒருவரும் இல்லாத அந்த நீண்ட ஆண்டுகளில் செபம் வீட்டில் தங்கியது. வீட்டிலிருந்து பிள்ளைகளுக்குப் போனது.

இது பழங்கதை மட்டுமல்ல. நம் காலத்திலும் இது நடந்தது. 1990ஆம் ஆண்டிலிருந்து மடுவளாகம் ஆயிரக்கணக்கான அகதிகளுக்குப் புகலிடமாயிருந்தது. 1999 நவம்பர் 20ஆம் நாள் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் எறிகணைகள் விழுந்து நாற்பது பேர் வரை உயிரிழந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் ஆலய வாசல்வரை வந்தபோது, குருமார் அன்னையின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். முன்னூறு ஆண்டுகளுக்குமுன் அடைக்கலம் தேடி மடுவுக்கு வந்த அன்னை, மடுவிலிருந்தும் அடைக்கலம் தேடிப் புறப்படவேண்டியதாயிற்று. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் சொரூபம் திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அதே சந்நிதியில் நின்று நம்மோடு செபித்தார்.

2008இலும் 2009இலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இன்னும் நம் நடுவில் இருக்கின்றன. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் இடப்பெயர்வில் உழவு இயந்திரத்தில் கூரை ஓடும், கதவு நிலையும், கோழிக்கூடும் ஏறின. அடுத்த இடப்பெயர்வில் தகரமும் சமையற் பாத்திரமும் மிஞ்சின. அதற்கடுத்ததில் ஒரு பை. கடைசியில் இடுப்பில் பிள்ளையும், அடையாள அட்டையும் காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் சுற்றிய ஒரு பொலித்தீன் உறையுமே கையில் இருந்தன. அந்த வழியில் நடந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சின்னப்பரின் கப்பல்

இனித் திருமறைக்கு வருவோம். அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரத்தை இவ்வாரம் வீட்டில் ஒருமுறை வாசியுங்கள். கடலை அறிந்த நம் மக்களுக்கு அதை விளக்க அதிகம் தேவையில்லை.

புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். கப்பலில் 276 பேர். கோதுமை ஏற்றிய கப்பல் அது. பருவம் தப்பிய பயணம். வேண்டாம் என்று சின்னப்பர் எச்சரித்தும் ஒருவரும் கேட்கவில்லை. புயல் பிடித்துக்கொள்கிறது. அடுத்த நாள் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிகிறார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளபாடங்களைத் தங்கள் கையாலேயே எறிகிறார்கள். பதினான்காம் இரவில் கரை நெருங்குவது தெரிந்ததும், மாலுமிகள் சிலர் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கொள்ளப் பார்க்கிறார்கள். படைவீரர் அந்தப் படகின் கயிற்றை அறுத்து விடுகிறார்கள். விடியும் வேளையில் சின்னப்பர் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, தாமே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்கிறார். எல்லாரும் தைரியங்கொண்டு உண்ணுகிறார்கள். அதன்பின் மீதிக் கோதுமையும் கடலுக்குப் போகிறது. கடைசியில் கப்பலே உடைகிறது. ஆனால் 276 பேரும் கரை சேர்கிறார்கள்.

இங்கே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, ஒழுங்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் எறியவில்லை. முதலில் சரக்கு, பிறகு தளபாடம், கடைசியாகக் கோதுமை. பயந்து கைக்கு வந்ததை எறிவது வேறு. எது முதல், எது பின் என்று அறிந்து விடுவது வேறு. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று நம் பெரியோர் சொன்னது இதற்காகவே.

இரண்டாவது, மனிதரை எறியவில்லை. கைதிகள் நீந்தித் தப்பிவிடக்கூடும் என்று படைவீரர் அவர்களைக் கொல்லத் திட்டமிட்டார்கள். நூற்றுவர் தலைவன் அதைத் தடுத்தான். சுமையைக் குறைக்கும் பெயரால் ஆளைக் குறைக்கும் சோதனை அந்தக் கப்பலிலும் இருந்தது. அதற்கு இடம் கொடுக்கப்படவில்லை.

மூன்றாவது, செபத்தையும் உணவையும் விடவில்லை. புயலின் நடுவில், அத்தனை அவசரத்தில், நன்றி சொல்லிச் சேர்ந்து உண்ண நேரம் இருந்தது. அந்த உணவுதான் நீந்திக் கரைசேரப் பலம் கொடுத்தது.

நாம் முதலில் எறிவது எது?

இப்பொழுது நம் வீட்டுக்கு வருவோம். கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு இயந்திரத்துக்கு எடுத்த கடன் இன்னும் தீரவில்லை. கச்சான் காற்று ஓயாததால் மூன்று வாரமாகத் தொழில் இல்லை. மூத்தவனுக்குச் சாதாரணதரப் பரீட்சை. அம்மம்மா படுக்கையில். இளையவளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை.

வீடு புயலில் இருக்கிறது. ஏதாவது ஒன்றை இறக்கித்தான் ஆகவேண்டும். எது முதலில் போகிறது?

மாலைச் செபமாலை முதலில் போகிறது. "நேரமில்லை, எல்லாருக்கும் களைப்பு." பிறகு ஒன்றாயிருந்து சாப்பிடுவது போகிறது, ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மூலை. பிறகு தகப்பன் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. பிறகு அம்மம்மாவின் கட்டிலருகே யாரும் இருப்பதில்லை. சோறு மட்டும் போகிறது. பிறகு கணவனும் மனைவியும் பேசுவது காசைப் பற்றி மட்டும். பிள்ளைகளோடு பேசுவது ஏசுவதற்கு மட்டும்.

எது போகவில்லை? புதுநன்மைக்கு எடுத்த மண்டபம் போகவில்லை. வீடியோக்காரன் போகவில்லை. இருநூறு பேருக்கு அடித்த அழைப்பிதழ் போகவில்லை. "போன வருடம் அவர்கள் செய்தார்கள், நாங்கள் செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி போகவில்லை. அதற்காக மனைவியின் தாலிக்கொடி ஈட்டுக்குப் போகிறது.

கோதுமையை வைத்துக்கொண்டு ஆட்களைக் கடலில் எறிந்த கப்பல் அல்லவா இது?

நாம் கெட்டவர்கள் என்பதால் இப்படிச் செய்வதில்லை. வேறொரு காரணம் இருக்கிறது. விடப்பட்டால் முறைப்பாடு செய்யாதவற்றையே நாம் முதலில் விடுகிறோம். செபத்தை விட்டால் செபம் வந்து வாசலில் நின்று கேட்பதில்லை. அம்மம்மா மனத்துக்குள் அழுவாரே தவிர வாய்திறக்க மாட்டார். நற்கருணை நாதர் பொறுமையாகக் காத்திருக்கிறார். ஆனால் விருந்துக்கு அழைக்கப்படாதவர் கேட்பார், கடன்காரன் கேட்பான், ஊர் கேட்கும். சத்தம் போடுகிறவற்றுக்குப் பயந்து, சத்தம் போடாதவற்றை இழந்துவிடுகிறோம். பெத்தானியாவில் மார்த்தாள் சமைத்தது தவறல்ல. பலவற்றைப் பற்றிக் கலங்கியதால், காலடியில் இருந்த ஒன்றைக் காணமுடியாமல் போனதையே ஆண்டவர் அன்போடு சுட்டிக்காட்டினார்.

குடும்பங்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. குருமாராகிய எங்களுக்கும், பங்குச் சபைகளுக்கும் இந்தக் கேள்வி உண்டு. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையிலேயே கிடந்த நாட்களை மறந்துவிட்டோமா? அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு பங்கு மின்விளக்கு அலங்காரத்தையும் ஒலிபெருக்கியையும் குறைக்க மனமில்லாமல், வறியோருக்கான நிதியைக் குறைத்தால், அதுவும் தவறான மூட்டையை எறிந்த கப்பலே.

நல்லதையும் விடவேண்டி வரும்

வீண் ஆடம்பரத்தை விடுவது எளிது என்று சிலர் நினைக்கலாம். நல்லவற்றையே விடவேண்டிய வேளையும் வரும். கோதுமை நல்ல பொருள்தான். அதுவும் கடலுக்குப் போயிற்று.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரைப் பாருங்கள். கோவாவிலிருந்து 1687இல் இந்நாட்டுக்கு வந்த அவர், குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கூலித் தொழிலாளியின் கோலத்தில் வந்தார். அங்கி அவருக்கு அற்பப் பொருளா? இல்லை. ஆனால் அதை உடுத்தால் ஆடுகளிடம் போகமுடியாது. பகலில் வெளிப்படையாகப் பூசை செய்யும் உரிமையை விட்டார். இரவில் மறைவாகச் செய்தார். மதிப்பை விட்டார், பிச்சைக்காரனைப் போல வீடு வீடாகப் போனார். ஆனால் கழுத்திலே செபமாலை இருந்தது. அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களே அவர் தேடிவந்த மந்தை. கண்டியில் சிறையிருந்தார். 1697இல் அங்கே அம்மை நோய் பரவியபோது மற்றவர்கள் ஓட, அவர் நோயாளர் அருகிலே நின்றார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். பாப்பரசர் மடுவுக்கு வந்த அதே நாளில்தான் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

விட்டது எவ்வளவு, விடாதது எது என்று பாருங்கள். அங்கியை விட்டார், குருத்துவத்தை விடவில்லை. கௌரவத்தை விட்டார், நோயாளியை விடவில்லை. இன்னொன்றையும் கவனிப்போம். புயலுக்காக இறக்கி வைத்தது என்றென்றைக்கும் இழந்ததல்ல. மடுவில் கோயில் மீண்டும் எழுந்தது. 2008இல் வெறுமையான பீடத்துக்கு அன்னை திரும்பி வந்தார். தள்ளி வைப்பது வேறு, தள்ளி விடுவது வேறு.

விடச் சொல்லக் கூடாதவை

இந்தப் பாடத்தைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்.

காணாமற்போன மகனின் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தாயிடம், "விட்டுவிடு, மறந்துவிடு" என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. மகன் மூட்டையல்ல. அவனைத் தேடுவதும், உண்மையைக் கேட்பதும் முக்கியமற்ற காரியங்களல்ல. எல்லாவற்றையும் இழந்தவர்களும் "விட்டவர்கள்" அல்ல, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பறிகொடுத்தவருக்கு நாம் கொடுக்க வேண்டியது போதனையல்ல, துணை.

அதேபோல், நெருக்கடியில் வீட்டின் பாரத்தை ஒருவர் தலையில் இறக்குவதும் சரியல்ல. பல வீடுகளில் "விட்டுக்கொடுப்பது" என்றால் தாய் சாப்பிடாமல் படுப்பது, அல்லது பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்துவது என்று ஆகிவிடுகிறது. வயோதிபரின் மருந்தை நிறுத்துவது தியாகமல்ல. ஏரோதுக்குத் தப்பி இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்பட்ட சூசையப்பரிடம் வானதூதர் எடுத்துக்கொள்ளச் சொன்னது பிள்ளையையும் தாயையுமே. தச்சுக் கருவிகளைப் பற்றி நற்செய்தி ஒன்றும் சொல்லவில்லை. பலவீனர் யாரோ, அவரே முதலில் ஏறவேண்டும். இதுவே திருக்குடும்பத்தின் ஒழுங்கு.

வீட்டில் செய்து பார்க்க

இவ்வாரம் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின் எழுந்து போகாமல், குடும்பமாக உட்காருங்கள். ஒரு தாளை எடுத்து மூன்று நிரல் கீறுங்கள்.

முதல் நிரலில், எந்தப் புயலிலும் விடக்கூடாதவற்றை எழுதுங்கள். ஞாயிறு பூசை, பத்து நிமிடமாவது குடும்ப செபம், நாளுக்கு ஒரு வேளையாவது சேர்ந்து உண்பது, நோயாளியின் மருந்து, பிள்ளைகளின் படிப்பு, ஒருவரோடொருவர் கோபமின்றிப் பேசுவது. இந்த நிரல் சிறிதாக இருக்கட்டும். எல்லாமே முக்கியம் என்று எழுதினால் எதுவும் முக்கியமில்லை என்றாகிவிடும்.

இரண்டாம் நிரலில், நல்லவை, ஆனால் தள்ளிவைக்கக் கூடியவை. வீட்டுக்கு வர்ணம் பூசுவது, புதிய தளபாடம், தூரத்துக் கலியாண வீடுகள், பல சபைகளில் ஏற்றுக்கொண்ட பொறுப்புகள். இவற்றுக்கு அருகில், மீண்டும் எப்போது எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு திகதியும் போடுங்கள். திகதி போட்டால் மனம் ஆறும்.

மூன்றாம் நிரலில், ஊருக்காக மட்டும் சுமப்பவை. இவற்றைத் தயங்காமல் கோடிட்டு வெட்டுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். புதுநன்மைக்கு வேண்டியது நல்ல பாவசங்கீர்த்தனமும், ஆயத்தமான உள்ளமும், பெற்றோர் இருவரும் பிள்ளையோடு பீடத்தண்டை வருவதும். அன்று வீட்டில் சமைத்து, அயலிலுள்ள ஒரு வறிய குடும்பத்தோடு பகிர்ந்து உண்டால் அது குறைந்த விழாவல்ல. வெட்டியதை மறைக்கவும் வேண்டாம். "இந்த வருடம் எங்களுக்கு வசதியில்லை" என்று ஒரு குடும்பம் வெளிப்படையாகச் சொன்னால், அதே பாரத்தைச் சுமந்து வாய்திறக்காமலிருக்கும் பத்துக் குடும்பங்களுக்கு மூச்சு வரும்.

பிள்ளைகளையும் எழுத விடுங்கள். எதை விடக்கூடாது என்று அவர்கள் எழுதுவது பல பெற்றோரைத் தலைகுனிய வைக்கும். "அப்பா எங்களோடு இருந்து சாப்பிடுவது" என்று ஒரு பிள்ளை எழுதினால், அதற்கு என்ன செலவு?

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டுக்கு அண்மையில் வந்த நெருக்கடியில் நாம் முதலில் விட்டது எது? அதை இன்னும் திரும்ப எடுக்கவில்லையா?

2. இடம்பெயர்ந்த காலத்தில் நம் குடும்பத்தார் கையில் எடுத்து வந்தவை எவை? அவற்றை ஏன் தெரிந்தார்கள்? பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

3. நாம் இன்று சுமப்பவற்றில் ஊருக்குப் பயந்து சுமப்பது எது?

4. நம் வீட்டில் சத்தம் போடாமல் காத்திருப்பவர் யார்?

அடுத்த முறை மடுவுக்குப் போகும்போது, அன்னையின் பீடத்தின் முன் சற்று நேரம் முழங்காலில் நில்லுங்கள். மாந்தையிலிருந்து சுமந்து வரப்பட்ட அந்தச் சொரூபத்தைப் பார்த்து இப்படிக் கேளுங்கள்: "தாயே, எங்கள் முன்னோர் எதை விடவேண்டும் என்று அறிந்திருந்தார்கள். அந்த அறிவை எங்களுக்கும் பெற்றுத் தாரும். எங்கள் கை நிறைந்திருப்பதால் உம் மகனின் கையைப் பிடிக்க முடியாமற் போகாதபடி எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பிறகு வீட்டுக்குத் திரும்புங்கள். அம்மம்மாவுக்கு வாகனத்தில் முதலில் இடம் கொடுங்கள்.